பத்துக்கு எத்தனை வலி?

வலி நிவாரண மருத்துவரின் அறைக்குள் முதன்முறையாக நுழைபவரிடம் அநேகமாகக் கேட்கப்படும் கேள்வி இது: "வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. உங்களுக்கு எத்தனைன்னு சொல்லுங்க." கேட்பது எளிது, பதில் சொல்வதுதான் கடினம். பத்து என்றால் மிகைப்படுத்துவதாக நினைத்துவிடுவாரோ, நாலு என்றால் "இதுக்கா வந்தீங்க" என்று அனுப்பிவிடுவாரோ என்று மனம் கணக்குப் போடும். காலையில் மூன்று, துணி துவைத்து முடித்ததும் ஆறு, ராத்திரி புரண்டு படுத்தால் எட்டு. இதில் எதைச் சொல்வது? கூட வந்த மகனோ கணவரோ, "வலி இருக்கு டாக்டர், ஆனா வீட்டு வேலையெல்லாம் பார்ப்பாங்க" என்று நடுவில் ஒரு வார்த்தை போடுவார். சொல்ல வந்தது அதோடு தொண்டைக்குள் நின்றுவிடும்.

ரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. சர்க்கரையை அறிய ஒரு சொட்டு ரத்தம் போதும். வலியை அளக்கவோ நோயாளியின் வாய்ச்சொல்தான் இன்றும் முதன்மையான வழி. அதனால் வலி மருத்துவரிடம் போய்வந்தவர்களின் அனுபவம், நல்லதோ கெட்டதோ, ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: நான் சொன்னதை அவர் நம்பினாரா? கடந்த அறுபது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மருந்து, ஊசி, அறுவை சிகிச்சை பற்றிய விவாதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கேள்வி கிடக்கிறது.

எண்ணும் சொல்லும்

ஓர் எண்ணுக்குள் வலி அடங்காது என்பதை மருத்துவ உலகம் முன்பே உணர்ந்துவிட்டது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், வலியைச் சொல்ல நோயாளிகள் பயன்படுத்தும் வார்த்தைகளைத் திரட்டி, 1975-ல் 78 சொற்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். எரிவது, குத்துவது, துடிப்பது, இழுப்பது என்று சொற்கள் 20 குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே, கோளாறு நரம்பிலா தசையிலா மூட்டிலா என்பதற்கு ஒரு துப்பு.

தமிழ் பேசும் நோயாளிக்கு இந்தப் பட்டியல் தேவையில்லை. குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், குத்தல், மதமதப்பு என்று அவர் வாயிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. "சுருக்குனு குத்துது", "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது", "மிளகாய் அரைச்சுத் தடவின மாதிரி எரியுது" என்று அவர் சொல்வது ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. பாதத்தில் மிளகாய் எரிச்சல் என்றால் சர்க்கரை நோயால் கெட்ட நரம்பாக இருக்கலாம். இடுப்பில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை மின்சாரம் மாதிரி இழுத்தால் தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு நசுங்கியிருக்கலாம். இதையெல்லாம் கேட்க மருத்துவருக்கு நேரம் வேண்டும்.

அந்த நேரம்தான் இல்லை. 67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியிடம் செலவிடும் நேரத்தை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது. ஸ்வீடனில் சராசரி 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. உலக மக்களில் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் 5 நிமிடமோ அதற்கும் குறைவோதான். இந்தியாவும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. அது பொது மருத்துவர்களைப் பற்றிய கணக்கு என்றாலும், வலியோடு அலைபவர் முதலில் போய் நிற்பது அவர்களிடம்தானே?

வந்து சேரும் பாதை

வலி மருத்துவரிடம் யாரும் நேராக வருவதில்லை. முதலில் மெடிக்கலில் வாங்கிய மாத்திரை, பிறகு எலும்பு டாக்டர், பிசியோதெரபி, புத்தூர் கட்டு, நரம்பு டாக்டர், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று ஒரு சுற்று சுற்றி, பெரிய கவரும் பை நிறைய மாத்திரை அட்டைகளுமாக வருகிறார்கள். இடையில் வருடங்கள் போயிருக்கும். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கேள்வி கேட்பாரில்லாமல் விழுங்கி, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட, "ரிப்போர்ட் எல்லாம் நார்மலா இருக்கே" என்ற வார்த்தையைப் பலமுறை கேட்டு மனசு புண்பட்டிருக்கும்.

பிரிட்டனில் பிரான்சின் டாய் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், தீராத தசை, எலும்பு வலி உள்ளவர்களை நேரில் கண்டு எழுதப்பட்ட 77 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 2013-ல் வெளியிட்டார்கள். நாடும் வயதும் வேறாக இருந்தாலும் நோயாளிகள் சொன்னது ஒன்றாகவே இருந்தது. வலியோடு போராடுவது ஒரு பக்கம், வலி உண்மை என்று நிரூபிக்கப் போராடுவது இன்னொரு பக்கம். நார்வேயில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. நீண்ட காலத் தசை வலி உள்ள பத்துப் பெண்கள், மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் என்ன உடை உடுத்துவது என்றுகூட யோசிப்பதாகச் சொன்னார்கள். பளிச்சென்று போனால் வலி இருக்கிறதென்று நம்ப மாட்டார். அலங்கோலமாகப் போனால் மனநோய் என்று நினைப்பார். அழுதாலும் தப்பு, அழாவிட்டாலும் தப்பு. நம் ஊரில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் பல பெண்களுக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல.

யாருடைய வலி சீக்கிரம் நம்பப்படுகிறது என்பதிலும் பாகுபாடு உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கடும் வயிற்று வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 981 பேரைப் பற்றிய ஆய்வு 2008-ல் வந்தது. வலி மருந்து கிடைக்க ஆண்கள் 49 நிமிடம் காத்திருந்தார்கள், பெண்கள் 65 நிமிடம். 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில் கலந்துகொண்ட மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் உடலைப் பற்றி, தோல் தடிமனாக இருக்கும் என்பது போன்ற ஏதாவது ஒரு தவறான கருத்தை நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஸ்கேனும் முழுச் சாட்சி இல்லை. முதுகு வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களை ஆராய்ந்த 2015 தொகுப்பு ஒன்றின்படி, 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் தண்டுவட வட்டுகளில் தேய்மானம் இருக்கிறது. படத்தில் தேய்மானம் இருந்தும் வலி இல்லாமல் இருக்கலாம். படம் சுத்தமாக இருந்தும் வலி உயிரை எடுக்கலாம். "டிஸ்க் தேஞ்சிருச்சு" என்று பயந்துபோய் வருபவரும் "ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்று மனம் உடைந்து வருபவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கக் காரணம் இதுதான்.

மல்யுத்த வீரர் தொடங்கிய துறை

வலிக்கென்று தனி மருத்துவர் என்ற எண்ணம் பழையதல்ல. சிசிலிக்கு அருகே உள்ள பிலிகூடி தீவில் 1917-ல் பிறந்து, சிறுவயதில் நியூயார்க்கில் குடியேறிய ஜான் பொனிகா, மருத்துவப் படிப்புச் செலவுக்காக முகமூடி அணிந்து மல்யுத்த மேடை ஏறியவர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணராக இருந்த அவர், காயம் ஆறியும் வலி ஆறாத வீரர்களைப் பார்த்துத் திணறினார். நரம்பு மருத்துவர், எலும்பு மருத்துவர், மனநல மருத்துவர் என்று பலரையும் கூட்டி ஒரே நோயாளியைப் பற்றிப் பேசவைத்தார். 1953-ல் அவர் எழுதிய வலி சிகிச்சை நூல் இத்துறையின் முதல் பெரிய நூலானது. மல்யுத்தத்தில் பட்ட அடிகளால் அவரும் வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தவர். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் உருவானதும் அவருடைய முயற்சியால்தான். இந்தியாவில் வலி ஆய்வுக்கான சங்கம் 1984-ல் தொடங்கப்பட்டது. இன்றும் இங்கே பெயின் கிளினிக் நடத்துபவர்களில் பெரும்பாலோர் மயக்க மருந்து நிபுணர்கள்.

பொனிகா பல துறைகளைச் சேர்த்தார் என்றால், லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நோயாளியின் முழு வாழ்க்கையையும் உள்ளே கொண்டுவந்தார். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரானவர் அவர். 1960-களின் தொடக்கத்தில் புற்றுநோயாளி ஒருவரிடம் வலியைப் பற்றிக் கேட்டார். அந்தப் பெண் முதுகு வலியில் தொடங்கினார். சற்று நேரத்தில், தன்னைப் பார்த்துக்கொள்வதற்காகக் கணவரும் மகனும் வேலைக்குப் போகாமல் சம்பளத்தை இழக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொன்னார். மாத்திரையும் ஊசியும் தேவைப்படுவதையும், எல்லாமே தனக்கு எதிராக இருப்பதாகத் தோன்றுவதையும் சொன்னார். வலி என்ற ஒரு சொல்லுக்குள் உடல், மனம், பணம், குடும்பம் எல்லாம் சேர்ந்தே இருப்பதை சாண்டர்ஸ் அந்தப் பதிலில் கண்டார். அதற்கு முழு வலி என்று பெயரிட்டார். 1967-ல் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் உலகெங்கும் வலி தணிப்புச் சிகிச்சைக்கு முன்மாதிரியானது.

மருத்துவரின் வார்த்தைக்கு எடை உண்டா?

உண்டு, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 1964-ல் வெளியானது. வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம், மயக்க மருந்து மருத்துவர் முன்னதாகவே வந்து உட்கார்ந்து பேசினார். எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், ஏன் வலிக்கும், தசையைத் தளர்த்திக்கொள்வது எப்படி, படுக்கையில் எப்படித் திரும்புவது என்று சொல்லிக்கொடுத்தார். அறுவைக்குப் பிறகும் வந்து பார்த்தார். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். யார் எந்தக் குழு என்பது அறுவை மருத்துவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பேசப்பட்ட குழுவினருக்குத் தேவைப்பட்ட போதைச்சத்து வலி மருந்து பாதியாகக் குறைந்தது. அவர்கள் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள்.

இத்தாலியின் டூரின் நகரில் பாப்ரிசியோ பெனடெட்டி செய்த சோதனைகள் இதை இன்னொரு கோணத்தில் உறுதிப்படுத்தின. ஒரே வலி மருந்தை, சிலருக்கு மருத்துவர் படுக்கையருகே நின்று சொல்லிக் கொடுத்தார். சிலருக்கு அவர்கள் அறியாமல் இயந்திரம் செலுத்தியது. மருந்து ஒன்றுதான் என்றாலும், தெரிந்து பெற்றவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது.

அண்மைக் காலத்து ஆய்வுகளில் முக்கியமானது அமெரிக்காவில் நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 1,470 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தது. 2024-ல் வெளியானது. மருத்துவர் எவ்வளவு அக்கறையோடு கேட்டார், புரிந்துகொண்டார், விளக்கினார் என்று நோயாளிகளே மதிப்பெண் இட்டார்கள். அதிக அக்கறை காட்டியவரின் நோயாளிகளுக்கு வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன. இந்த வேறுபாடு, ஓபியாய்டு எனப்படும் போதைச்சத்து வலி மருந்தோடும் முதுகு அறுவை சிகிச்சையோடும் சேர்ந்து காணப்பட்ட பலனைவிடப் பெரிது. இது கண்காணிப்பு ஆய்வு. அக்கறை ஒன்றே காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் பாஸ்டனும் டூரினும் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

விளக்கிச் சொல்லாத ஒரு நிமிடம் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு அன்றாடம் நடக்கும் ஒன்று போதும். சர்க்கரையால் பாதம் எரிகிற ஒரு அம்மாவுக்கு மருத்துவர் இரவில் போட அமிட்ரிப்டிலின் மாத்திரை எழுதித் தருகிறார். நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் உலகெங்கும் தரப்படும் மருந்துதான் அது. மெடிக்கலில் அட்டையை எடுத்துக் கொடுக்கும் பையன், "இது டிப்ரெஷன் மாத்திரைக்கா" என்கிறான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த அம்மாவுக்கு ஒரே யோசனை: கால் எரியுதுன்னு சொன்னா, எனக்குப் பைத்தியம்னு நினைச்சிட்டாரா? மாத்திரை அப்படியே அலமாரிக்குப் போகிறது. அடுத்த மாதம் எரிச்சல் குறையவில்லை என்றதும், மருந்து வேலை செய்யவில்லை என்று சீட்டில் எழுதப்படுகிறது. "இந்த மாத்திரை மனசுக்கும் தருவாங்க, நரம்புக்கும் தருவாங்கம்மா. உங்களுக்கு நரம்புக்குத்தான்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் கதை மாறியிருக்கும்.

மூளையைப் பற்றிப் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். கொலராடோவில் 151 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான சோதனையில், வலியை ஆபத்தாகப் பார்க்காமலிருக்க மூளையைப் பழக்கும் உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு முதுகு வலி அறவே போனது அல்லது ஏறக்குறையப் போனது. வழக்கமான சிகிச்சையில் அது 10 சதவீதம்தான். அரிய பலன் இது. ஆனால் இதைச் சொல்லத் தெரியாமல் சொன்னால், "எல்லாம் உன் மனப்பிரமை" என்றுதான் நோயாளியின் காதில் விழும்.

ஊசியும் செலவும்

தனியார் பெயின் கிளினிக்குகளில் நோயாளிகள் அதிகம் சந்திப்பது ஊசியைத்தான். தண்டுவடத்தைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசி, நரம்பை மின் அலைச் சூட்டால் செயலிழக்கச் செய்வது என்று பல வகை. நல்ல பலன் கண்டவர்களும் உண்டு, ஆயிரக்கணக்கில் செலவழித்து இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கே வந்தவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான மூன்று சோதனைகளில், உடற்பயிற்சியோடு நரம்பைச் சுடும் சிகிச்சையைச் சேர்த்தபோது குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிடைக்கவில்லை. 2025-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், புற்றுநோய் சாராத நாட்பட்ட முதுகெலும்பு வலிக்கு இத்தகைய ஊசிகள் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. இத்துறை மருத்துவர்களின் சங்கங்கள் அதைக் கடுமையாக மறுத்தன. விவாதம் முடியவில்லை. ஊசிக்குச் சம்மதிக்குமுன், எத்தனை மாதம் தாங்கும், தாங்காவிட்டால் அடுத்து என்ன என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

அங்கே வெள்ளம், இங்கே வறட்சி

அமெரிக்காவில் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை 1996-ல் சந்தைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று தவறாக விளம்பரப்படுத்தியதை அதன் நிறுவனம் 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மருந்துச்சீட்டில் தொடங்கிய பழக்கம் ஹெராயினுக்கும் கள்ள பென்டனிலுக்கும் நகர்ந்து, 2021-ல் மட்டும் போதைப்பொருள் மிகையால் இறந்தவர்கள் 1 லட்சத்தைத் தாண்டினார்கள். இடையில் 2016-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓபியாய்டு மருந்துகள் பற்றி எச்சரிக்கை வழிகாட்டுதல் தந்தது. பல மருத்துவர்கள் அதைச் சட்டம்போல எடுத்துக்கொண்டு, வருடக்கணக்கில் மருந்தில் இருந்தவர்களுக்கும் திடீரென நிறுத்தினார்கள். சிறுநீர்ப் பரிசோதனை, மாத்திரை எண்ணிக்கைச் சோதனை, கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்று சிகிச்சை அறை விசாரணை அறையானது. நீண்ட காலமாக மருந்தில் இருந்த 1 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வு, அளவு குறைக்கப்பட்டவர்களிடம் மருந்து மிகையும் மனநெருக்கடியும் கூடியதைக் காட்டியது. 2022-ல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது.

இந்தியாவின் கதை நேர்மாறு. மார்பினுக்கு மூலமான அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடும் தண்டனைகளுக்கும் உரிமக் கெடுபிடிக்கும் பயந்து, மருத்துவமனைகள் மார்பின் வைப்பதையே நிறுத்தின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்பின் பயன்பாடு 97 சதவீதம் விழுந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்பின் மாத்திரையைப் பார்க்காமலே படிப்பை முடித்தார்கள். புற்றுநோயாளிகள் வீட்டின் பின்கட்டில் கத்திக்கொண்டே செத்தார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசிய மருந்துகளாகி, உரிம முறை எளிதானது. பயம் மட்டும் இன்னும் முழுக்கப் போகவில்லை.

இந்த வறட்சியில் வழி காட்டியது கேரளம். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் தொடங்கிய வலி, வலி தணிப்புச் சங்கம், மலிவான மார்பின் மாத்திரையையும் வீடு தேடிப் போகும் தன்னார்வலர்களையும் சேர்த்தது. 2008-ல் மாநில அரசே இதற்குக் கொள்கை வகுத்தது. முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் தன் தொடக்க கால அனுபவம் ஒன்றை மறைக்காமல் பலமுறை சொல்லியிருக்கிறார். புற்றுநோய் முற்றிய கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டு வலியை நீக்கினார். மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டவரிடம், வலி போய்விட்டதால் வரத் தேவையில்லை என்றார். தன் நோய் தீராதது என்பதை அந்த வார்த்தையிலிருந்துதான் ஆசிரியர் அறிந்தார். வீட்டுக்குப் போய் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்பதே ராஜகோபால் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியையும் வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வேலைக்கும் போய்க்கொண்டு வலியையும் சுமப்பவர்கள் இதன் வளையத்துக்கு வெளியே நிற்கிறார்கள்: கட்டட வேலை செய்பவர், தையல் மெஷினில் பத்து மணி நேரம் குனிந்திருப்பவர், லாரி ஓட்டுபவர். இவர்களுக்காக ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாளாவது வலிக்கென்று புறநோயாளர் பிரிவு நடக்க வேண்டும். அங்கே மயக்க மருந்து நிபுணரும் பிசியோதெரபிஸ்டும் மனநல ஆலோசகரும் ஒன்றாக உட்கார வேண்டும். மூவருமே ஏற்கனவே அரசுப் பணியில் இருப்பவர்கள்தான், சேர்த்து உட்காரவைக்கும் உத்தரவுதான் தேவை.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி தனக்கென்று தனிக் குறியீடு பெற்றுவிட்டது. ரிப்போர்ட் நார்மல் என்பதால் வலி பொய்யாகிவிடாது என்று இனி எந்த நோயாளியும் தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்: எங்கே, எப்போது, எந்த மாதிரி வலி, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள் எவை. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், "ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிஷம் நிற்க முடியலை, பேரனைத் தூக்க முடியலை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடப் போகிறவர்கள் அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.